பழுவூர்த் தனாதிகாரியும் நம் பிள்ளைகளும்



பெரும் ஊதியம் தரும் நிதித்துறைப் பணி ஒருவர்க்கு மகிழ்ச்சியைத் தருமா என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கவிதை படிக்கும் மேடையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், தமிழர் பெரிதும் விரும்பிப் படித்த நாவல்களுள் ஒன்றில் வரும் நிதிப் பொறுப்பாளர் நம் அரியலூர்ச் சீமைக்காரர். அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வெளிவந்தது ‘பொன்னியின் செல்வன்’. அதில் பெரிய பழுவேட்டரையர் சோழப் பேரரசின் தனாதிகாரி. கீழப்பழுவூரும் மேலப்பழுவூரும் அவரது ஊர்கள். வரலாற்றில் பழுவேட்டரையர்கள் சோழர்க்கு உட்பட்ட சிற்றரசர்கள். கீழையூர் இரட்டைக் கோயில் இன்றும் அவர்கள் பெயரைச் சொல்லி நிற்கிறது. தனாதிகாரியின் துயரமோ கல்கியின் படைப்பு. பொக்கிஷத்தின் சாவி அவர் கையில். மேனியில் அறுபத்து நான்கு விழுப்புண்கள். அரண்மனைக்குக் கீழே நிலவறை நிறையப் பொன்னும் மணியும். ஆயினும் முதுமையில் மணந்த நந்தினியின் உள்ளம் அவருக்குக் கிட்டவில்லை. முடிவில் தம் கையாலேயே தம் உயிரைப் போக்கிக்கொள்கிறார். ஒரு நாட்டின் வரவு செலவையெல்லாம் அறிந்தவர், தம் வீட்டில் நடப்பதை அறியாமற்போனார்.

இதைக் கொண்டு, பணம் துன்பத்தையே தரும் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. மழையை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் விதைக்கும் மானாவாரி மண் நம்முடையது. இங்கே வறுமையைப் புகழ்ந்து பேசுபவன் அதை அனுபவித்தவனாக இருக்க முடியாது. வள்ளுவர் பொருட்பாலுக்கு எழுபது அதிகாரங்களும் இன்பத்துப்பாலுக்கு இருபத்தைந்து அதிகாரங்களும் வகுத்தார். பொருட்பாலில் பெரும்பகுதி அரசியல் என்பது உண்மையே. எனினும் அதற்குள்ளேயே ‘பொருள் செயல்வகை’ என்று ஈட்டும் வழிக்கு ஓர் அதிகாரமும், ‘நன்றியில் செல்வம்’ என்று பயன்படாத செல்வத்துக்கு இன்னோர் அதிகாரமும் வைத்தார். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே முறை.

அறிஞர்களும் இக்கேள்வியில் நெடுநாள் உழன்றிருக்கிறார்கள். ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டியபின் அன்றாட மனமகிழ்ச்சி உயர்வதில்லை என்று டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்க மக்களை ஆராய்ந்து 2010இல் எழுதினர். அதற்கு மேலும் உயர்கிறது என்று 2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் மறுத்தார். மாறுபட்ட கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் சேர்ந்தே ஆராய்ந்து 2023இல் ஒரு முடிவுக்கு வந்தனர். பெரும்பாலோர்க்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடுகிறது. மிகவும் துயருற்றிருக்கும் ஐந்தில் ஒரு பங்கினர்க்கோ ஒரு லட்சம் டாலருக்கு மேல் வரும் பணம் உதவுவதில்லை. இழப்பையும் மனமுறிவையும் பணத்தால் ஆற்ற முடியாது என்பதே இதன் பொருள். பழுவேட்டரையரின் புண் அத்தகையது.

அப்படியானால் பணக்கணக்கு எழுதும் தொழில்தான் மனத்தை வற்றச் செய்கிறதா? அதுவும் இல்லை. டி. எஸ். எலியட் 1917 முதல் 1925 வரை லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்தார். அவருடைய ‘பாழ்நிலம்’ 1922இல் அந்நாள்களிலேதான் வெளிவந்தது. நம் வண்ணதாசன் ஸ்டேட் வங்கியில் பணியாற்றிக்கொண்டே கதைகளையும், கல்யாண்ஜி என்னும் பெயரில் கவிதைகளையும் எழுதினார். 2016இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவர்களுடைய வேலைக்கு ஒரு மாலைப்பொழுது இருந்தது. இன்றைய பெருஞ்சம்பள வேலை அந்த மாலைப்பொழுதைத்தான் விலைக்குக் கேட்கிறது. 2021இல் நியூயார்க்கின் கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்து இளம் பணியாளர் பதின்மூவர் தாங்களே எடுத்த கணக்கொன்று வெளியாயிற்று. வாரத்துக்குச் சராசரி 95 மணி நேரம் உழைப்பதாக அதில் கூறியிருந்தார்கள். வாரத்துக்கு மொத்தமே 168 மணி நேரம். உறக்கம் போக எஞ்சுவதை நீங்களே கழித்துப் பாருங்கள்.

என் அண்ணன் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வட்டத்தின் முதல் கூட்டத்தில் கவிதை படித்தவன் என்பது மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். மும்பையில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் சேர்ந்தான். முதல் ஆண்டிலேயே ஆழ்துளைக் கிணற்றுக்கு வாங்கிய கடனை அடைத்து, தாயின் நகைகளை அடகிலிருந்து மீட்டான். நகையை வாங்கிக்கொண்ட அன்று அண்ணி அழுத அழுகை ஆனந்த அழுகை. பணம் தந்த மகிழ்ச்சிதான் அது. அதைப் பொய் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

கடன் தீர்ந்தபின்னும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்காகப் போனானோ அது முடிந்துவிட்டதைக் கவனிக்க அவனுக்கு நேரம் இல்லை. அண்ணன் மறைந்தபோது வந்தான். மூன்றாம் நாள் புறப்பட்டான். சென்ற மாதம் ஒரு நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்து, “சித்தப்பா, சிறுவாச்சூர்க் கோயில் இப்போதும் திங்களும் வெள்ளியும்தான் திறக்கிறதா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “மதுரகாளியம்மனுக்கே வாரத்தில் இரண்டு நாள்தானே வேலை” என்று சிரித்தான். சிரிப்பு முடியவில்லை, குரல் உடைந்தது. ஆறு ஆண்டுகளாக ஒரு வரிகூட எழுதவில்லை என்றான்.

என் கருத்து இதுதான். நம் பிள்ளைகள் போகட்டும், தடுக்க வேண்டா. ஆனால் எந்தக் கடனுக்காக, எந்தத் தங்கையின் படிப்புக்காகப் போகிறார்களோ, அந்தத் தொகையைப் போகும்போதே எழுதி வைத்துக்கொள்ளட்டும். அது நிறைந்த நாளில் ஒருமுறை நின்று, இனித் தருவது பணமா, வாழ்நாளா என்று கணக்குப் பார்க்கட்டும். கணக்கறிந்தவர்களுக்கு இது கடினமன்று.

நாமும் ஒன்று செய்ய வேண்டும். ஊருக்கு வரும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது சம்பளத்தைத்தான். அந்தக் கேள்வியால்தான் அவனுடைய மதிப்பு சம்பளத்துக்குள் அடங்கிப்போகிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருவதாக அண்ணன் மகன் சொல்லியிருக்கிறான். கையில் கவிதை இருக்குமோ இருக்காதோ, அறியேன். அன்பர்கள் அவனிடம் எவ்வளவு வாங்குகிறாய் என்று கேளாமல், அருகில் ஓர் இடம் ஒதுக்கி அமரச் சொல்லுமாறு வேண்டுகிறேன்.