அழிக்கும் முன் ஒரு முறை பாருங்க

(பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்க கையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளமே லினக்ஸ்தான். இணைய சர்வர்களில் பெரும்பகுதியும் அதே லினக்ஸ்தான். அங்கே பெரும்பாலும் மவுஸ், ஐகான் எதுவும் இருக்காது. கட்டளையைத் தட்டச்சு செய்துதான் கோப்புகளைக் கையாளணும். போனில் அழித்த படம் சில நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும். 'ஆர்எம்' என்ற கட்டளைக்கு அப்படி ஒரு தொட்டி கிடையாது. போனால் போனதுதான்.

ஒரு உண்மைச் சம்பவம் சொல்றேன். கிட்லேப் என்பது மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமிக்கும் சேவை. 2017 ஜனவரி 31 அன்று அதன் பொறியாளர் ஒருவர், துணை சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மை சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் நிறுத்தியும், சுமார் 300 ஜிபி தரவு அழிந்துவிட்டது. பேக்கப்பைத் தேடினால், அது சரியாக எடுக்கப்படவே இல்லை! சோதனை வேலைக்காக 6 மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. நடந்ததை மறைக்காமல் அவங்களே வெளியிட்டாங்க. அதனால்தான் நாமும் பாடம் கற்க முடியுது.

இனி நாம் செய்ய வேண்டியது. கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டணும்.

1. முதலில் 'ஹோஸ்ட்நேம்' கொடுங்க. எந்த சர்வரில் இருக்கோம் என்று காட்டும். 'பிடபிள்யூடி' கொடுத்தால் எந்த ஃபோல்டர் என்று தெரியும்.

2. அழிக்கப்போகும் கோப்புகளை முதலில் 'எல்எஸ்' கட்டளையால் பட்டியலிட்டுப் பாருங்க. பட்டியல் சரி என்றால் மட்டும் 'ஆர்எம்'. நட்சத்திரக் குறியை அடுத்து தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தாலும், ஃபோல்டரில் உள்ள மற்ற கோப்புகளும் சேர்ந்து போய்விடும்.

3. சந்தேகமாக இருந்தால் அழிக்காதீங்க. 'எம்வி' கட்டளையால் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி வையுங்க. ஒரு வாரம் யாரும் கேட்கவில்லை என்றால் பிறகு அழிக்கலாம்.

4. இடம் நிறைந்துவிட்டதா? கண்ணில் பட்டதை அழிக்க வேண்டாம். 'டிஎஃப்' மொத்த இடத்தைக் காட்டும், 'டியூ' எந்த ஃபோல்டர் அதிக இடத்தை அடைக்கிறது என்று சொல்லும்.

5. பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒரு முறையாவது அதைத் திறந்து பாருங்க. திறக்காத பேக்கப்பை நம்ப முடியாது.

பழகிப் பார்க்க சர்வர் வேண்டியதில்லை. டெர்மக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் செயலியை போனிலேயே நிறுவி, ஒரு வெற்று ஃபோல்டரில் முயன்று பார்க்கலாம்.

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்க. போனில் சேமித்த சாதிச் சான்றிதழ், பட்டா, மதிப்பெண் பட்டியல் எல்லாம் இன்னொரு இடத்திலும் இருக்கா, திறக்குதா என்று பாருங்க. சர்வருக்குச் சொன்னது உங்க போனுக்கும் பொருந்தும்.