வலி வேறு, அவஸ்தை வேறு
(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் பௌதிகத்தில் பட்டம் வாங்கி, மத்திய சர்க்காரில் 35 வருஷம் கோப்பு பார்த்தவன். பாஷா சாஸ்திரம் படித்தவனல்ல. ஆனாலும் இன்று ஒரே ஒரு வார்த்தையைப் பற்றிப் பேச உத்தேசம்.

தில்லியில் படிக்கும் என் பேத்தி ஹிந்தி விஞ்ஞானப் புஸ்தகத்தோடு வந்து, "தாத்தா, தண்ணிக்கு மூணு அவஸ்தைன்னு போட்டிருக்கே. பாட்டிக்கு முழங்கால் அவஸ்தை, சரி. தண்ணிக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டாள். புஸ்தகத்தில் இருந்தது திட, திரவ, வாயு நிலைகள். ஸம்ஸ்கிருதத்தில் அவஸ்தா என்றால் நிலை, அவ்வளவுதான். நிற்பதைக் குறிக்கும் 'ஸ்தா' என்ற தாதுவில் பிறந்த சொல். விழிப்பு, கனவு, ஆழ்ந்த தூக்கம் மூன்றையும் சேர்த்து வேதாந்திகள் அவஸ்தாத்ரயம் என்கிறார்கள். ஆக, குறட்டை விட்டுத் தூங்குவதும் ஓர் அவஸ்தையே! (பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தமிழ் அர்த்தத்தில்.) ஹிந்தியில் விருத்தாவஸ்தா என்றால் முதுமை. அதற்கு எந்த அர்த்தம் பொருந்தும் என்பதை முன்வரிசையில் இருப்பவர்களே தீர்மானிக்கட்டும்.

தமிழில் இது துன்பமாகிவிட்டது. தெலுங்கிலும் அப்படியே. சௌக்கியமாக இருக்கும்போது யார் தன் நிலையைப் பற்றிப் பேசுகிறார்கள்? 'கதி' என்ற சொல்லும் இப்படித்தான் கெட்டது. 'என் கதியைப் பார்' என்று யாராவது சந்தோஷமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வேதனையும் ஆதியில் வெறும் உணர்வுதான். பௌத்தர்கள் சுகமான உணர்வையும் வேதனை என்றே சொன்னார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. வலி என்றால் ஓர் இடம் உண்டு. விரலால் தொட்டுக் காட்டலாம். அவஸ்தைக்கு இடம் கிடையாது. ஆள் முழுவதுமே அதில் இருக்கிறார். இந்த வித்தியாசம் எனக்கு 2016-ல் புரிந்தது.

அப்போது என் அக்கா எங்களுடன் தங்கியிருந்தாள். வயது 76, நீண்டகால சர்க்கரை வியாதி. ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு, "என்னவோ அவஸ்தையா இருக்குடா" என்றாள். "எங்கே வலிக்கறது?" என்றேன். "வலின்னு ஒண்ணும் இல்லை. அவஸ்தையா இருக்கு." வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தேன். ராத்திரி முழுக்க உட்காருவதும் படுப்பதுமாக இருந்தாள். வேர்த்தது, மின்விசிறியைக் கூட்டினேன். பத்து தடவையாவது கேட்டிருப்பேன், வலிக்கிறதா என்று. இல்லை என்றே சொன்னாள். நானும் அந்தப் பதிலில் சமாதானமாகிவிட்டேன்.

காலையில் ஆஸ்பத்திரி. இளம் டாக்டர் "தர்த் கஹாம் ஹை?" என்றார். நான் மொழிபெயர்த்தேன்: "தர்த் நஹீம் ஹை." அவஸ்தையை நான் மொழிபெயர்க்கவேயில்லை. கேரளத்து நர்ஸ் ஒருவர் அக்காவின் ஈரக் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "அம்மே, அஸ்வஸ்தத உண்டோ?" என்றார். "அதேதாம்மா!" என்று அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உடனே ஈ.ஸி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு வந்து பல மணி நேரம் ஆகியிருந்தது.

சர்க்கரை வியாதிக்காரர்கள், வயதானவர்கள், குறிப்பாகப் பெண்களுக்கு, மார்வலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். மூச்சுத் திணறல், வேர்வை, குமட்டல், இனம் தெரியாத அசௌகரியம் மட்டும் இருக்கலாம் என்று டாக்டர் அப்புறம் விளக்கினார். நேரம் ஆக ஆக இருதயத் தசை செத்துக்கொண்டே போகுமாம். அக்கா பிழைத்தாள். ஆனால் பாதி இருதயத்தோடுதான் மேலும் இரண்டு வருஷம் இருந்தாள். மாடிப்படி ஏறவில்லை. என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. அவள் சரியான வார்த்தையைத்தான் சொன்னாள். நான்தான் வேறொரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நம்மில் பலர் அயல்பாஷை ஊர்களில் இருக்கிறோம். அதனால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹிந்திக்கார டாக்டரிடம் 'அவஸ்தா' என்றால் புரியாது. கப்ராஹட், பேசைனி என்று சொல்லவேண்டும். மராத்தியில் அஸ்வஸ்த வாட்டதே. வங்காளியில் அஸ்வஸ்தி. மலையாளத்தில் அந்த நர்ஸ் சொன்னதே. கூடவே எப்போது ஆரம்பித்தது, வேர்த்ததா என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். எங்கள் அகத்தில் இவற்றைப் பேத்தி பெரிய எழுத்தில் எழுதி, ஆம்புலன்ஸ் எண்ணோடு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். மேலே தமிழில் 'அவஸ்தை' என்று தலைப்பு. பக்கத்தில் சின்னதாக, 'தண்ணீருக்கு அல்ல'.