கடப்பாரையும் அரைமண்டியும்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வரும் ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் ஒன்பது பேர் புதுமுறை நடனம் ஒன்று ஆடவிருக்கின்றனர். அது உருவான வரலாற்றைக் கூறுமாறு செயலாளர் எங்களைப் பணித்தார். நாங்கள் இருப்புப்பாதை அலுவலகத்து எழுத்தர்கள். படிப்பும் பள்ளியிறுதியோடு நின்றது. நடனம் கற்றவரல்லர். ஒத்திகைக்கு இடம் தேடுவதும், இரவில் பிள்ளைகளை வீடு சேர்ப்பதுமே எங்கள் பங்கு. கலைத்திறம் யாவும் பரதம் பயிற்றுவிக்கும் அம்மையாருடையது. ஆயினும் ஐந்து மாதம் சுவரோரம் அமர்ந்து பார்த்தவர்கள் என்ற உரிமையில் பேசுகிறோம்.

பரதத்தில் அடவுகள் முன்னமே உள்ளன. ஆசிரியர் அவற்றைக் கோத்துத் தருகிறார். புதுமுறை நடனத்துக்கு அத்தகைய இருப்பு இல்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதற்குரிய அசைவுகளைத் தேடியாக வேண்டும். தேடுவது எங்கே? கண்ணை மூடிக் கற்பனை செய்வார்கள் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

அம்மையார் முதலில் காட்டியது உதயசங்கரின் ‘கல்பனா’ திரைப்படத்தை. 1948-இல் வெளிவந்த அப்படம் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. உதயசங்கர் இலண்டனில் ஓவியம் பயின்று, பின்னர் நடனத்துக்கு வந்தவர். அல்மோராவில் அவர் நடத்திய கலை நிலையத்துக்குப் பரதம் கற்பிக்கக் கந்தப்பப் பிள்ளை தமிழகத்திலிருந்து சென்றிருந்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அப்படத்தில் மனித உடல்களே எந்திரமாக இயங்கும் காட்சியொன்று உண்டு. பிள்ளைகள் அதை மும்முறை பார்த்தனர்.

பின்னர் அம்மையார் ஒவ்வொருவரும் தம் வீட்டில் கண்ட அசைவு ஒன்றைக் கொண்டுவருமாறு சொன்னார். ஒருத்தி பாட்டி முறுக்குப் பிழிவதைக் கொண்டுவந்தாள். ஒரு பையன், எழுத்தர் ஒருவர் விரலை நாவில் நனைத்துப் பதிவேட்டின் தாளைப் புரட்டி, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவதைச் செய்து காட்டினான். எல்லோரும் சிரித்தனர். எங்களுக்குச் சிறிது சுருக்கென்றிருந்தது என்பதை மறைப்பானேன்?

இனிதான் வேலை. ரூடால்ஃப் லாபன் என்ற நடன அறிஞர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் தொழிற்சாலைகளில் உழைப்போரின் அசைவுகளை ஆராய்ந்தவர். 1947-இல் லாரன்ஸ் என்பவருடன் சேர்ந்து அதுபற்றி நூலும் வெளியிட்டார். அவ்வழியில் அம்மையார் கேட்பார்: இவ்வசைவு வன்மையா, மென்மையா? விரைவா, நிதானமா? நேராகச் செல்கிறதா, வளைகிறதா? தடையின்றி ஓடுகிறதா, கட்டுண்டு நிற்கிறதா? பின் அதையே மிக மெதுவாகச் செய்யச் சொல்வார். கையை விட்டுத் தோளால் மட்டும் செய்யச் சொல்வார். முடிவிலிருந்து தொடக்கத்துக்குச் செய்யச் சொல்வார். இப்படிச் சேர்ந்தவற்றுள் பெரும்பாலானவற்றைப் பிறகு தள்ளிவிட்டார். எங்கள் மூக்குக்கண்ணாடியும் போயிற்று. காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்ற சந்திரலேகா, 1985-இல் ‘அங்கிகா’ என்னும் படைப்பில் அப்பரதத்தோடு களரிப்பயிற்றையும் யோகத்தையும் இணைத்ததையும், ஆடை அணிகளின் பகட்டைக் குறைத்ததையும் அவர் அடிக்கடி எடுத்துச் சொல்வார்.

நிற்க. நம் குடியிருப்பில் ஓய்வுபெற்ற கேங்மேன் ஒருவர் இருக்கிறார், சேலம் பக்கத்தவர். இப்போது பெரும்பாலும் எந்திரங்களே ஜல்லியை இறுக்குகின்றன. அவர் காலத்தில் கடப்பாரையால் தண்டவாளத்தை நெம்பி நேராக்குவார்கள். அவரை அழைத்து வந்தோம். பிள்ளைகள் மூங்கிற் கழிகளைத் தலைக்குமேல் தூக்கிப் புன்முறுவலோடு குதித்தனர். அவர் சிரிக்கவில்லை.

“பாப்பா, கை தூக்காது, கால்தான் தூக்கும். உடம்பைக் கடப்பாரை மேலே சாய்ச்சு விடணும். இப்படிக் குதிச்சா மத்தியானத்துக்குள்ளே முதுகு போயிடும்” என்றார்.

கால்களை அகற்றி, முழங்கால் மடித்து, மூச்சை விட்டுக்கொண்டே சாய்ந்து காட்டினார். ஏறக்குறைய நம் அரைமண்டியேதான்! அன்றே பிள்ளைகளின் முகத்திலிருந்து புன்முறுவல் நீங்கியது. உடலில் பாரம் வந்தது.

மூன்றாம் நாள், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: “தாத்தா, நீங்க ஏன் அடிக்கடி அந்தப் பக்கம் திரும்பறீங்க?”

நாங்கள் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை, அவரும் அறிந்திருக்கவில்லை. நான்கு நெம்புதலுக்கு ஒருமுறை, சில வேளை மூன்றுக்கு ஒருமுறை, அவர் முகவாய் உயர்ந்து இடப்புறம் திரும்பும், மூச்சு நிற்கும், பிறகு வேலை தொடரும். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், பனி மூடிய காலையில், பக்கத்துக் கடப்பாரையைப் பிடித்திருந்த கூட்டாளிக்கு வண்டியின் ஓசை கேட்கவில்லை என்றார். “எனக்குக் கேட்டுச்சு” என்றார். அதற்குமேல் சொல்லவில்லை.

ஒத்திகை பத்து நாள் நின்றது. நடனத்தின் உயிர் அத்திருப்பத்தில் இருக்கிறது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவர் தம்மையறியாமல் சுமந்துவந்த துயரை எடுத்து மேடையில் ஆடலாமா? எங்களுக்குள்ளேயே இரு கட்சி. முடிவில் அவரிடமே சென்று கேட்டோம். “ஆடட்டும். ஆனா வண்டி வர்றதாக் காட்ட வேணாம், யாரும் விழறதாவும் காட்ட வேணாம்” என்றார். அவ்வாறே அமைந்தது. திருப்பத்தை எட்டுக்கு ஒன்றென்று தாளத்தில் கட்டியபோது அது அலங்காரமாகிவிட்டது. எனவே நான்கு, மூன்று, ஏழு என்று ஒழுங்கின்றி வைத்தார் அம்மையார். ஒருவர் எண்ணிக்கையை ஒருவர் உடலால் உணர்ந்து திரும்பப் பிள்ளைகளுக்கு ஆறு வாரம் பிடித்தது.

பாட்டும் பட்டாடையும் இல்லையே என்று செயற்குழுவில் சிலர் குறைப்பட்டனர். அக்குறை மற்ற நிகழ்ச்சிகளால் தீரும்.

ஒரு வேண்டுகோள். ஓரிடத்தில் ஒன்பது பேரும் தலை திருப்பி அசையாமல் நிற்பர். ஆட்டம் முடிந்ததென எண்ணிச் சென்ற ஒத்திகையில் சிலர் கைதட்டிவிட்டனர். அது முடிவன்று, அதன்பின் இன்னும் நான்கு நெம்புதல் உண்டு. முன்வரிசையில் அப்பெரியவர் அமர்ந்திருப்பார். அவ்விடத்தில் மட்டும் கைதட்டாதிருக்க வேண்டுகிறோம்.