கடல் கடந்த வாணிகமும் பல்கலைக்கழகக் கல்வியும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளில் நடைபெறவிருந்த தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அதற்குக் காரணம் வெள்ளமன்று, நோயுமன்று. வினாத்தாள் அச்சிடுவதற்குக் கடதாசி இல்லை. கடதாசி பிறநாட்டிலிருந்து வரவேண்டிய பண்டம். அதற்குக் கொடுக்க வேண்டிய டொலர் நாட்டில் இல்லை. உணவுப் பொருள் நிறைந்த கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்திலேயே தேங்கிக் கிடந்தன. அவ்வாண்டு ஏப்பிரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. வங்கிக்காரரும் இறக்குமதியாளரும் மட்டுமே வழங்கி வந்த ‘எல்.சி.’ என்னும் சொல் எரிபொருள் வரிசையில் நின்றவர் வாயிலும் வழங்கலாயிற்று.

ஒரு நாட்டின் அயல்நாட்டு வாணிகம் துறைமுகத்தோடு முடிந்துவிடுவதன்று. பள்ளிப் பிள்ளையின் மேசை வரைக்கும் வருவது என்பதை அந்த மாதங்கள் உணர்த்தின. மேசை வரைக்கும் வருகின்ற ஒன்றை மேசையிலிருந்தே கற்கத் தொடங்க வேண்டுமென்பது பொருத்தமே. ஆயினும் ‘சர்வதேச வணிகம்’ என்ற பெயரைக் கேட்டவுடன், அது கணக்கேடு எழுதுவதன் மற்றொரு பெயர் என்றே பெற்றோர் பலர் எண்ணிவிடுகின்றனர். அக்கல்வி எவ்வாறு தோன்றியது, எதைக் கற்பிக்கிறது, எத்தகைய மாணாக்கரை வேண்டி நிற்கிறது என்பன ஆராயத்தக்கவை.

கடல் கடந்து வாணிகம் செய்வது தமிழருக்குப் புதியதன்று. மாதோட்டத்துத் துறைமுகம் பழமை வாய்ந்தது. ஐந்நூற்றுவர் எனப்பட்ட வணிகக் குழுவினரின் கல்வெட்டுகள் ஈழத்திலும் உள. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர்ச் சந்தையை நாடிச் சென்றது. வல்வெட்டித்துறைக் கப்பலோட்டிகள் வங்கக் கடலைத் தம் வீட்டு முற்றம்போல் அறிந்திருந்தனர். ஆனால் இவ்வறிவெல்லாம் தந்தையிடமிருந்து மகனுக்கும், முதலாளியிடமிருந்து கடைப்பிள்ளைக்கும் வாய்வழியாக இறங்கிய அறிவு. பழகிய சந்தை நிலைத்திருக்கும்வரை அது போதுமானதாயிருந்தது. சந்தை மாறியபோது, புதிய சந்தையைத் தேடும் வழியை அந்த அறிவு சொல்லித்தரவில்லை.

வாணிகத்தை உயர்கல்வியாக்கும் முயற்சி ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. பாரிசில் 1819ஆம் ஆண்டிலும், பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் துறைமுகத்தில் 1852ஆம் ஆண்டிலும், வெனிஸ் நகரில் 1868ஆம் ஆண்டிலும் உயர் வணிகக் கல்லூரிகள் நிறுவப்பட்டன. ஆயினும் இக்கல்வி ஒரு நாட்டுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதைத் தெளிவாகக் காட்டும் வரலாறு யப்பானுடையதாகும்.

1859ஆம் ஆண்டில் யோக்கோகாமாத் துறைமுகம் அந்நிய வாணிகத்துக்குத் திறக்கப்பட்டது. யப்பானியப் பட்டு நூலுக்கு உலகெங்கும் கிராக்கி இருந்தது. ஆனால் யப்பானிய வணிகன் தன் பட்டைத் துறைமுகத்து அந்நியக் கம்பனியின் பண்டகசாலை வரைக்குமே கொண்டு செல்ல இயன்றது. அங்கே அதைப் பரிசோதிப்பவரும் அந்நியர், நிறுப்பவரும் அந்நியர், ஏற்பதும் தள்ளுவதும் அவர் கையில். கப்பலும் வங்கியும் காப்புறுதியும் அவர்களுடையவை. 1866ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இறக்குமதித் தீர்வையையும் ஏறத்தாழ நூற்றுக்கு 5 என்ற அளவுக்கு மேல் உயர்த்த யப்பானுக்கு உரிமை இருக்கவில்லை. தன் பண்டம் எந்த ஊருக்குப் போகிறது, அங்கே என்ன விலைக்கு விற்கிறது என்பதை அறியாமலே அந்நாடு விற்றுக்கொண்டிருந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் யப்பானின் பிரதிநிதியாக இருந்து திரும்பிய மோரி அரினோரி என்பவர் இக்குறையை உணர்ந்தார். 1875ஆம் ஆண்டில் டோக்கியோ நகரின் கின்சா வட்டாரத்தில் ஒரு வணிகப் பள்ளியை அவர் தொடங்கினார. மீனும் அவரைப் பசையும் கலந்து செய்த உணவுப் பண்டம் விற்கும் கடையொன்றின் மேல்மாடியே அதன் முதல் வகுப்பறை. அமெரிக்காவிலிருந்து விற்னி என்னும் ஆசிரியர் வரவழைக்கப்பட்டார். பின்னர் அன்ற்வேர்ப் கல்லூரி மரபில் வந்த பெல்ஜிய ஆசிரியரும் அங்கே கற்பித்தனர். மாணாக்கர் சிலர் வங்கியாகவும், சிலர் ஏற்றுமதியாளராகவும், சிலர் கப்பற் கம்பனியாகவும் பிரிந்து அமர்ந்து, கடிதமும் சீட்டும் எழுதி வாணிகம் செய்து பழகும் பயிற்சியும் அக்கல்வியில் இடம்பெற்றது.

அப்பள்ளி எளிதில் வளர்ந்துவிடவில்லை. வாணிகம் பல்கலைக்கழகத்துக்கு உரிய அறிவுதானா என்ற ஐயம் கற்றோரிடையே நிலவியது. 1909ஆம் ஆண்டில் அரசு அப்பள்ளியின் மேல் வகுப்பை நீக்க முனைந்தபோது, மாணாக்கர் ஒருமித்துப் பள்ளியை விட்டு விலகுவதெனத் தீர்மானித்தனர். சிபுசாவா எய்இச்சி என்னும் பெருந்தொழிலதிபரும் வணிகர் சங்கத்தினரும் இடைநின்று பேசியபின்பே அவர்கள் திரும்பினர். மேல் வகுப்பும் நிலைத்தது. 1911ஆம் ஆண்டில் யப்பான் தன் தீர்வையைத் தானே வகுக்கும் உரிமையை முழுமையாக மீட்டுக்கொண்டது. 1920ஆம் ஆண்டில் அப்பள்ளி டோக்கியோ வணிகப் பல்கலைக்கழகமாயிற்று. 1949ஆம் ஆண்டு முதல் இற்றோற்சுபாசிப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் விளங்குகிறது. தீர்வை உரிமையை மீட்டது பள்ளியொன்றே எனக் கூறுதல் மிகையாகும். ஆனால் மீட்ட உரிமையைக் கையாளக் கற்றவர்களை அத்தகைய பள்ளிகளே தந்தன.

இக்கல்வியின் உறுப்புகள் யாவை என்பதற்கு மற்றொரு நிறுவனம் நல்ல சான்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் விமானப் பயிற்சித் தளமாயிருந்த இடத்தில் அந்நிய வாணிகத்துக்கெனத் தனி நிறுவனமொன்று தொடங்கப்பட்டது. அங்கே மூன்று பாடங்கள் சரிநிகராக வைக்கப்பட்டன: வாணிக முறை, பிறமொழி, பிறநாடுகளைப் பற்றிய அறிவு. இம்மூன்றும் அடுப்புக்கு மூன்று கல் போன்றவை. ஒன்று குறையினும் பானை சாயும்.

முதலாவதாகிய வாணிக முறை பெரும்பாலும் பத்திரங்களைப் பற்றியது. கொழும்பிலுள்ள ஒருவர் ஈராக்கிலுள்ள ஒருவருக்குத் தேயிலை விற்கிறார் எனக் கொள்வோம். இருவரும் முகம் பார்த்தறியாதவர். பணம் வந்தபின் சரக்கு அனுப்பலாம் என விற்பவர் எண்ணுவார். சரக்கு வந்தபின் பணம் தரலாம் என வாங்குபவர் எண்ணுவார். இந்த முடிச்சை அவிழ்ப்பதே நாணயக் கடிதம், வர்த்தகர் ‘எல்.சி.’ என்பது இதனையே. குறித்த பத்திரங்கள் குறித்த நாளுக்குள் ஒப்படைக்கப்படுமாயின் பணத்தைத் தானே கொடுப்பதாக வாங்குபவரின் வங்கி அதில் உறுதி கூறுகிறது. விலைப்பட்டியல், கப்பற் கம்பனியின் சரக்குச் சீட்டு, காப்புறுதிப் பத்திரம், சரக்கு எந்நாட்டில் விளைந்தது என்னும் சான்று முதலியன அப்பத்திரங்களாம்.

இங்கே மாணாக்கன் கற்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. வங்கி பார்ப்பது பத்திரத்தையே, தேயிலையையன்று. தேயிலை முதல் தரமானதாகவே இருக்கலாம். ஆயினும் 30ஆம் நாளுக்குள் ஏற்றவேண்டுமென்று கடிதம் கூற, கப்பற் சீட்டில் அடுத்த மாதம் 1ஆம் நாள் எனப் பதிந்திருப்பின், பணம் கொடுக்க மறுக்க வங்கிக்கு உரிமையுண்டு. ஒரு நாட் பிழையால் ஒரு பருவத்து உழைப்பு தடுமாறும்.

விலை கூறும் முறையும் இத்தகையதே. ‘எவ்.ஓ.பி.’ என்றால் கப்பலில் ஏற்றும்வரை செலவும் பொறுப்பும் விற்பவருடையவை. ‘சி.ஐ.எவ்.’ என்றால் சென்று சேரும் துறைமுகம் வரைக்கும் கப்பற் கூலியையும் காப்புறுதியையும் விற்பவரே செலுத்துவார். ஆதலால் சரக்குக்கு வரும் சேதமும் அங்கு சேரும்வரை அவரையே சாரும் எனப் பலர் எண்ணுவர். அது தவறு. செலவு அத்துறைமுகம் வரை விற்பவரைச் சாரினும், சேதத்தின் பொறுப்பு கப்பலில் ஏறியவுடனேயே வாங்குபவரைச் சார்ந்துவிடுகிறது. பாரிசிலுள்ள சர்வதேச வர்த்தக சபை 1936ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிட்டுக் காலத்துக்குக் காலம் திருத்திவரும் விதிகள் இவற்றை வரையறுக்கின்றன. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இத்தகைய விலைமுறைகள் 11 உள்ளன.

இரண்டாவதும் மூன்றாவதுமாகிய மொழியறிவும் நாட்டறிவும் ஒன்றையொன்று பிரியாதவை. ஒருகாலத்தில் இலங்கைத் தேயிலையைப் பெரிதும் வாங்கியது பிரித்தானியா. பின்னர் மேற்காசிய நாடுகளும் ருசியாவும் துருக்கியும் முதன்மை பெற்றன. சிறு பைகளில் இட்டு விரைவில் சாயம் இறங்கும் தூளை ஒரு நாடு விரும்பும்; முறுக்கிச் சுருண்ட இலையைக் கொதிக்கவைத்துப் பருகுவதை மற்றொரு நாடு விரும்பும். அராபியரின் பண்டிகைக் காலம் எப்போது வரும், துருக்கியர் எத்தகைய கிண்ணத்தில் தேநீர் அருந்துவர் என்பன கணக்கேட்டில் இல்லை. புவியியலும் வரலாறும் மொழியும் கற்றவனுக்கே அவை புலனாகும்.

நாட்டறிவு என்பது நாடுகளின் அரசியலையும் சட்டத்தையும் அறிவதுமாகும். இதற்கு இலங்கையின் வரலாற்றிலேயே சிறந்த சான்றுண்டு. கொரிய யுத்த காலத்தில் அரிசி விலை ஏறியது. இறப்பர் விலையோ 1951ஆம் ஆண்டின் பின் சரிந்தது. போர்த் தேவைக்குரிய பண்டங்களைச் சீனாவுக்கு விற்றலாகாதென ஐக்கிய நாடுகள் சபை அவ்வாண்டில் தீர்மானித்திருந்தது. இறப்பரும் அப்பண்டங்களுள் ஒன்று. ஆனால் இலங்கை 1955ஆம் ஆண்டு வரை அச்சபையில் உறுப்பு நாடாகச் சேர்க்கப்படவில்லை. உறுப்பினரல்லாத நாட்டை அத்தீர்மானம் கட்டுப்படுத்துமாறில்லை. வர்த்தக அமைச்சராயிருந்த ஆர். ஜி. சேனநாயக்கா முன்னின்று முயல, 1952ஆம் ஆண்டு டிசம்பரில் இறப்பர்–அரிசி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆண்டுக்கு 270,000 தொன் அரிசியை இலங்கை பெறும்; 50,000 தொன் இறப்பரைச் சீனா வாங்கும். உலகச் சந்தை விலையிலும் கூடிய விலை இறப்பருக்குக் கிடைத்தது. அதன் பொருட்டு அமெரிக்க உதவியை இலங்கை இழக்க நேர்ந்தது. எனினும் அவ்வுடன்படிக்கை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு ஏறத்தாழ முப்பதாண்டு நிலைத்தது. எந்த விதி யாரைக் கட்டும், எதைப் பெற எதை இழக்கலாம் என்று நிறுத்துப் பார்க்கும் அறிவே அங்கு நாட்டுக்குச் சோறிட்டது.

அண்டை நாடாகிய இந்தியா 1963ஆம் ஆண்டிலேயே புதுடில்லியில் அந்நிய வாணிகத்துக்கென ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தது. இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ, நிதிப் பீடத்தில் சர்வதேச வணிகத்துக்கெனத் தனித்துறை உண்டு. யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் வணிகத்தையும் முகாமைத்துவத்தையும் கற்பிக்கின்றன. இக்கல்விக்குச் செல்வோர் பெரும்பாலும் உயர்தர வகுப்பில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகிய மூன்றையும் கற்றவர். அவை நல்ல அடிப்படையே. ஆயின் வர்த்தகப் பிரிவில் சேர்ந்த அன்றே புவியியல் நூலை மூடிவிடலாம், வரலாற்றை மறந்துவிடலாம், பிறமொழி வேண்டுவதில்லை எனப் பிள்ளைகள் கருதுவது பெருங்குறை. கலைப் பிரிவு மாணாக்கருக்கு வாணிக உலகில் இடமில்லை எனப் பெற்றோர் கருதுவதும் அக்குறையின் மறுபுறமே.

தமிழ்ப் பிள்ளைகள் இதில் ஊன்றி எண்ணவேண்டியது ஒன்றுண்டு. தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாணிகம் நடைபெறும் மொழிகளுள் தமிழும் ஒன்று. இந்திய–இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000ஆம் ஆண்டு மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. உள்நாட்டில் நூற்றுக்கு 35 பங்கு பெறுமதி சேர்க்கப்பட்டிருப்பின் ஒரு பண்டம் அதன் சலுகைக்கு உரியதாகும் என்பது அதன் பொது விதி. பனம்பொருள் செய்யும் சங்கமோ பழச்சாறு அடைக்கும் சிறு தொழிலகமோ அச்சலுகையைப் பெறவேண்டுமாயின், விதியை வாசித்துக் கணக்கிட்டுச் சான்று பெற்றுத்தர ஒருவர் வேண்டும். அவ்வொருவர் அவ்வூர்ப் பிள்ளையாகவே இருத்தல் கூடும்.

இக்கல்வியை நாடும் மாணாக்கர் பள்ளியில் இருக்கும்போதே செய்யத்தக்கவை சில. ஆங்கிலத்தில் ஒரு வாணிகக் கடிதத்தைப் பிழையின்றி எழுதப் பழகலாம். சிங்களத்தையும், இயலுமாயின் அராபியம், சீனம் போன்ற ஒரு மொழியையும் தொடங்கலாம். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பொதியிலும் அது எந்நாட்டுப் பண்டமென்று எழுதியிருக்கும். அதை வாசித்துத் தேசப்படத்தில் அந்நாட்டைத் தேடுவது செலவில்லாத பாடம். ஆசிரியரும் வகுப்பை வங்கி, வணிகர், கப்பற் கம்பனி எனப் பிரித்துப் பயிற்றலாம். டோக்கியோவில் கடையின் மேல்மாடியில் தொடங்கிய கல்விக்குப் பெரிய மண்டபம் தேவைப்படவில்லை.

பரீட்சைக்குக் கடதாசி இல்லாத நாள் இனியொருமுறை வராதென எந்தக் கல்வியும் உறுதி கூறமாட்டாது. ஒரு நாட்டின் கடனும் வரவும் பலர் செயலால் அமைவன. ஆனால் பண்டத்தை விற்கவும் விலை பேசவும் பத்திரத்தை வாசிக்கவும் வல்லார் பலர் உள்ள நாடு, வாயிலில் நின்று கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்பும் நிலையில் நெடுங்காலம் இராது. அத்தகையோர் பல்கலைக்கழகத்தில் முற்றுகின்றனர். அவர்கள் முளைப்பது பள்ளியில்.