கொடையும் கையொப்பமும்



கவிதையைப் போலவே கணிப்பொறி நிரலும் ஒருவரால் எழுதப்படுவதாகும். ஆதலின் அதன் பதிப்புரிமை முதற்கண் எழுதியவர்க்கே உரியது. எவரும் பயன்படுத்தவும், பயிலவும், திருத்தவும், பகிரவும் இசைவளிப்பது கட்டற்ற மென்பொருள். அதற்குத் தம் நிரலை நல்குவோரிடம் சில அமைப்புகள் முன்னதாகவே ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பம் பெறுகின்றன. பொதுவுக்குத் தருவதற்கு ஒப்பந்தம் எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே.

இவ்வேற்பாடுகளை மூவகையாகக் கொள்ளலாம். முதலாவது, உரிமையையே எழுதிக் கொடுத்தல். ரிச்சர்டு ஸ்டால்மன் 1985-இல் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இம்முறையைக் கைக்கொண்டது. உரிமை ஓரிடத்தில் இருப்பின், உரிமத்தை மீறுவோர்மீது வழக்குத் தொடுத்தல் எளிது என்பது அதன் கருத்து. பெற்ற நிரலைக் கட்டற்றதாகவே வழங்குவதாக அறக்கட்டளையும் எழுத்தில் வாக்களிக்கிறது.

இரண்டாவதில் உரிமை எழுதியவரிடமே நிற்கும். எனினும் விரும்பிய நிபந்தனையில் வழங்கும் இசைவை நிறுவனம் பெற்றுக்கொள்ளும். இதன் விளைவை 2023 ஆகஸ்டு காட்டிற்று. ஹாஷிகார்ப் நிறுவனம் தன் டெராஃபார்ம் மென்பொருளின் புதிய பதிப்புகளைக் கட்டற்ற உரிமத்திலிருந்து விலக்கி, போட்டி நிறுவனங்களின் பயன்பாட்டுக்குத் தடை விதிக்கும் உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தது. பிறர் நல்கிய நிரலும் அதனோடு சென்றது. பழைய பதிப்பு கட்டற்றதாகவே இருந்தமையால், அதனைக் கொண்டு ஓப்பன்டோஃபு என்னும் தனிக்கிளையைப் பலர் கூடித் தொடங்கினர்.

மூன்றாவது லினக்ஸின் வழி. தன் நிரல் லினக்ஸில் கலந்துள்ளதெனக் கூறி எஸ்.சி.ஓ. நிறுவனம் 2003-இல் ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்தது. அதன் பின்னர், 2004-இல், லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு மூலச் சான்று முறையைக் கொணர்ந்தார். இதனை அளிக்கும் உரிமை தமக்குண்டு என உறுதிகூறி, நல்குபவர் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் பெயரிடுவார். உரிமையை எவர்க்கும் மாற்றித் தருவதில்லை. உரிமை ஆயிரக்கணக்கானோரிடம் பரவி நிற்பதால், ஒருவர் மட்டும் உரிமத்தை மாற்றுதல் இயலாது. மீறுவோர்மீது ஒருங்கே வழக்காடுதலும் அதனாலேயே அரிது. ஜி.சி.சி. என்னும் நிரல்தொகுப்பியின் குழுவினரும் 2021-இல் இம்முறைக்கு இடமளித்தனர்.

பாவலர்க்கும் இஃது அயலான செய்தியன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் கையொப்பத்துடன் அமைதல் வேண்டும். காலம் குறிக்கப்படாவிடின் 5 ஆண்டுகள் எனக் கொள்ளப்படும். எழுதுவோரைக் காக்கும் ஏற்பாடு அது.

நல்குபவர் தாம் கொடுப்பதை மட்டும் படித்து அமைதல் போதாது. பெறுபவர் தரும் வாக்கு அத்தாளில் எழுதப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்த பின்னரே கையொப்பமிடுதல் தகும்.