புகையிலையும் ரத்தக்கட்டு மாத்திரையும்



நான் டாக்டர் அல்ல. ரசாயனம் படித்து, அரசாங்கக் கோப்புகளோடு காலம் கழித்தவன். ஆனால் நம் வயதில் ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் அநேகம். ஆகவே இதைச் சொல்ல விரும்புகிறேன்.

வட அமெரிக்காவில் 1920-களில், கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் இறந்தன. காரணம் தேடிய ஆராய்ச்சியின் வழியில் பிறந்த வார்ஃபரின், முதலில் எலி மருந்தாகி, 1954-ல் மனிதருக்கும் மருந்தாயிற்று. அதிகமானால் ரத்தக்கசிவு, குறைந்தால் ரத்தக்கட்டு. அதற்குத்தான் ஐ.என்.ஆர். பரிசோதனை. பெரும்பாலோருக்கு அந்த எண் 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும்.

சிகரெட், பீடிப் புகையிலுள்ள சில ஹைட்ரோகார்பன்கள் கல்லீரலில் ஓர் என்ஸைமைத் தூண்டுகின்றன. அது வார்ஃபரினின் ஒரு பகுதியைச் சீக்கிரமே சிதைத்துவிடுகிறது. புகைப்பவர்களுக்குச் சுமார் 12 சதவீதம் கூடுதல் மருந்து தேவைப்படுவதாக 2011-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கூறுகிறது.

புகைப்பதை விட்டால், ஒரு வாரத்துக்குள்ளேயே என்ஸைமின் வேகம் கணிசமாகத் தணிந்துவிடும். மாத்திரையோ பழைய அளவிலேயே இருக்கும். ஐ.என்.ஆர். ஏறலாம். பிள்ளை வீட்டில் பேரக்குழந்தைகள் முன் கூச்சப்பட்டு இரண்டு மாதம் சிகரெட்டைத் தொடாமல் இருப்போம். ஊர் திரும்பியதும் மறுபடி ஆரம்பிப்போம். இரண்டு தடவையும் எண் இடம் மாறக்கூடும்.

வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோருக்குக் காரணம் வேறு. புகையிலையும் ஓர் இலைதான். அதில் வைட்டமின் கே உண்டு. அந்த வைட்டமினின் வேலையைத்தான் வார்ஃபரின் தடுக்கிறது. மெல்லும் புகையிலையை நிறுத்திய பிறகே மருந்து பலித்த ஒரு நோயாளியைப் பற்றி 2004-ல் ஒரு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

புகையிலையை விட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசியம் விடுங்கள், இதயத்துக்கு அதைவிட நல்லது வேறில்லை. ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு விடுங்கள். விட்ட முதல் வாரத்திலேயே ஐ.என்.ஆர். பாருங்கள், பிறகும் அவர் சொல்லும் இடைவெளியில் பாருங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஈறில் ரத்தம் கசிந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"ஏதாவது பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்கும்போது, பக்கத்தில் மாட்டுப்பெண் நிற்கிறாளே என்று நம்மில் பலர் தலையை ஆட்டி மறுத்துவிடுகிறோம். மூக்குப்பொடி உள்பட எதையும் மறைக்காதீர்கள். மாத்திரையின் அளவை அவர் நிர்ணயிப்பது நாம் சொல்லும் பதிலை நம்பித்தான்.