சாராய ஆலைக் கழிவும் மாட்டுத் தீவனமும்

(எப்போதும்வென்றானில் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



உங்கள் ஊருக்குப் பெயர் எப்போதும்வென்றான். ஆனால் மழை பொய்த்த வருஷத்தில் இந்தக் கரிசலில் வெல்வது யார்? சோளத்தட்டைப் படப்பு கரைந்து போகின்றது. பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கைக்கெட்டாத விலைக்கு ஏறுகின்றன. உழுத மாட்டைச் சந்தையில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு, "தலைவிதி" என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புகின்றோம். விதி என்று சொல்லிவிட்டால் யோசிக்கின்ற வேலை மிச்சமல்லவா?

தட்டையால் மாட்டுக்கு வயிறு நிறையும். சதை பிடிக்கவும் பால் சுரக்கவும் புரதச் சத்து வேண்டும். அந்தச் சத்து புண்ணாக்கில் மட்டுந்தான் உண்டா என்பதே நமது கேள்வி.

பனையேறும் தோழர்களைக் கேளுங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். புளிக்க வைப்பது தேவதையுமல்ல, பேயுமல்ல. ஈஸ்ட் என்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகையும் இப்படியே புளிக்க வைத்து, காய்ச்சி வடித்துச் சாராயம் எடுக்கின்றார்கள். குடிக்கச் சொல்ல நாம் வரவில்லை. இன்று பெட்ரோலில் கலப்பதற்கும் அது போகின்றது. ஒரு லிட்டர் வடித்தால் சுமார் 10 முதல் 15 லிட்டர் வரை கறுத்து நாறும் கழிவுநீர் மிஞ்சும். அதை ஓடையில் விட்டால் தண்ணீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன் செத்து மிதக்கும்.

ஆனால் முதல் ஈஸ்ட் தின்னாமல் விட்ட கிளிசரினும் அமிலங்களும் அந்த நீரில் இருக்கின்றன. டோருலா என்னும் வேறொரு ஈஸ்ட் அவற்றைத் தின்று வளரும். தழைச்சத்தும் மணிச்சத்தும் தரும் உப்புகளைச் சேர்த்து, ஓயாமல் காற்று ஊதினால், சில மணி நேரத்திற்குள் ஒன்று இரண்டாகப் பெருகும். பிறகு பிரித்து, கழுவி, சூடேற்றி உலர்த்தினால் கிடைக்கும் தூளில் ஏறக்குறைய பாதி புரதம். கடலைப் புண்ணாக்குக்கு அது இளைத்ததல்ல.

இது கட்டுக்கதையல்ல. 1914ல் மூண்ட யுத்தத்தில் வெளிநாட்டுத் தீவனம் வராமல் போகவே, ஜெர்மானியர்கள் சர்க்கரைப் பாகில் ஈஸ்ட் வளர்த்துக் கால்நடைகளுக்குப் போட்டார்கள். கியூபா தேசத்தில் கரும்புக் கழிவுப்பாகிலே டோருலா வளர்க்கும் ஆலைகள் எழுந்தன.

நம் நாட்டிலோ, இந்தக் கழிவை ஆற்றில் விடக்கூடாதென்று 2003ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்குத் திட்டம் வகுத்தது. இன்று அதில் எரிவாயு எடுக்கின்றார்கள், உரத்தில் கலக்கின்றார்கள், சுண்ட வைத்துக் கொதிகலனில் எரிக்கின்றார்கள். நல்ல காரியமே. ஆனால் எரித்த சாம்பல் வயலுக்கு உதவுமேயொழிய மாட்டுக்கு உதவுமா?

ஒன்றை மறைக்காமல் சொல்லுகின்றோம். காற்று ஊதவும் உலர்த்தவும் செலவு அதிகம். ஈஸ்ட் வளர்த்த பிறகும் நீர் முழுதும் சுத்தமாகாது. அழுக்குச் சுமை குறையும், அவ்வளவே. இது குடிசையில் செய்யக்கூடியதல்ல. கழிவுநீரை அப்படியே மாட்டுக்கு ஊற்றுகிறவன் அதற்குக் கழிச்சலைத்தான் வாங்கிக் கொடுப்பான். ஈஸ்ட் தூளையும் தட்டையோடு அளவாகக் கலந்தே போடவேண்டும்.

ஆகவே தோழர்களே! நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக நம்பாதீர்கள். கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்காரரையும் கால்நடை டாக்டரையும் கேளுங்கள். புண்ணாக்கு விலையையும் ஈஸ்ட் ஆகும் செலவையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கணக்குக் கட்டாவிட்டால் விட்டுவிடுவோம். ஆனால் கணக்கே போடாமல், நாறுகிறதென்று மூக்கைப் பொத்திக்கொண்டு, அடுத்த பஞ்சத்திலும் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவது புத்திசாலித்தனமாகுமா என்று கேட்டு, இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.